கோயில் கொடைத் திருவிழாவில் அடிதடி, சித்தி மகன் பெயர் எஃப்ஐஆரில்: வக்கீல் இப்போதே வேண்டுமா, கோர்ட்டுக்குப் போன பிறகு போதுமா?

நம்பியாற்றுக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்குநேரி தாலுகாவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. போன வாரம் எங்கள் ஊர் அம்மன் கொடையில், மைக்செட்டில் எந்தப் பாட்டு போடுவது என்று ஆரம்பித்த பேச்சு, சாமியாட்டம் முடிவதற்குள் கைகலப்பு ஆகிவிட்டது. எதிர்த்தரப்பில் ஒருவருக்குத் தலையில் தையல், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். எங்கள் பக்கம் ஒருவனுக்கு விரல் உடைந்திருக்கிறது, அவன் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாமல் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறான்.

எஃப்ஐஆரில் என் சித்தி மகன் (22 வயது) இரண்டாவது ஆள். 296(பி), 115(2), 118(1), 351(3), அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, மிரட்டியது என்று போட்டிருக்கிறார்கள், கொலை முயற்சியும் சேர்க்கப்போவதாக ஊரில் பேச்சு. விலக்கிவிடத்தான் போனேன் என்கிறான், ஆனால் அவன் கையில் கம்பு இருக்கிற மாதிரி ஒரு வீடியோ சுற்றுகிறது. இப்போது தூத்துக்குடியில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறான். ஸ்டேஷனிலிருந்து போனில் "வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்கிறார்கள். இன்று காலையில் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார்கள், மகன் வந்தால் விடுவோம் என்று. சித்தப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்.

பெரிய மாமா, கேஸ் கோர்ட்டுக்குப் போன பிறகு வக்கீலைப் பார்த்தால் போதும், இப்போதே கூட்டிக்கொண்டு போனால் இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரும் என்கிறார். இந்தக் கட்டத்தில் ஒரு கிரிமினல் வக்கீல் அப்படி என்ன செய்துவிட முடியும்? இன்னொன்றும் கேட்க வேண்டும், அவன் உண்மையிலேயே அடித்திருந்தால் வக்கீல் அவனைப் பொய் சொல்லச் சொல்வாரா? சித்திக்கு அதுதான் பெரிய கவலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை வக்கீல்:

தம்பி, பாளையிலும் நாங்குநேரியிலும் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். காகிதம் எதையும் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும், ஆனாலும் இதைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மாமா சொல்வது நேர் தலைகீழ். ஒரு கிரிமினல் வழக்கில் வக்கீலால் அதிகம் செய்ய முடிகிற நேரம் இப்போதுதான். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதெல்லாம் பின்னால் வருவது, அங்கே என்னிடம் என்ன ஆயுதம் இருக்கும் என்பது இந்த ஒரு வாரத்தில் முடிவாகிவிடும்.

முதலில் சித்தப்பா. மற்றதெல்லாம் அப்புறம். 60 வயது தாண்டியவரை விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, கேட்க வேண்டியது இருந்தால் அவர் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். பிஎன்எஸ்எஸ், அதாவது பழைய சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த குற்ற நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவு அது. பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான். மகனுக்காக அப்பாவைப் பிடித்து வைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஒரு வக்கீல் ஸ்டேஷனுக்கு நேரில் போய், எந்த வழக்கில் எந்தப் பிரிவில் இவரை வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாலே பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். அனுப்பாவிட்டால் எஸ்பிக்கு மெயில், அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வருமா என்று யோசிக்க வேண்டாம். வக்கீல் வந்து நிற்பது அவர்களுக்குப் புதிதில்லை, அது அவர்கள் அன்றாடம் பார்க்கிற காட்சி.

அடுத்தது அந்தக் "கையெழுத்து". விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக்கூடாது, 181-வது பிரிவு அப்படியே சொல்கிறது. கைது குறிப்பாணையிலோ, சம்மன் வாங்கியதற்கோ கையெழுத்துப் போடுவது வேறு. எழுதாத வெள்ளைத்தாளில் போடவே கூடாது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து அவனைத் தண்டிக்க முடியாது, ஆனால் அவன் காட்டிக்கொடுத்து ஒரு பொருள் எடுக்கப்பட்டால் அது தொடர்பான பகுதி மட்டும் சாட்சியத்துக்குள் வரும். நம் ஊர் வழக்குகளில் முள்ளுக்காட்டுக்குள்ளிருந்து கம்பு எடுத்ததாக வரும் பறிமுதல் மகஜர் எல்லாம் இந்த வழியில்தான் வருகிறது. இதை அவனுக்கு முன்கூட்டியே விளக்குவது வக்கீல் வேலை.

அவனை ஓடி ஒளிய வைக்காதீர்கள். நீங்கள் சொன்ன பிரிவுகள் எதிலும் ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை இல்லை. அப்படிப்பட்ட வழக்கில் பிடித்தவுடன் உள்ளே போடக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து ஆஜராகச் சொல்ல வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. இன்றைக்கு அது 35(3) நோட்டீஸ். போனில் கூப்பிடுவது நோட்டீஸ் ஆகாது, வாட்ஸாப்பில் அனுப்பினாலும் ஆகாது என்று 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் நோட்டீஸ் வாங்கி, வக்கீலோடு போய் ஆஜரானால், கைது செய்ய வேண்டுமென்றால் போலீஸ் காரணம் எழுதி வைக்க வேண்டும். ஒளிந்துகொண்டிருந்தால் அந்தக் காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். விசாரணையின்போது வக்கீல் முழு நேரமும் பக்கத்தில் உட்கார முடியாது, ஆனால் இடையில் பார்த்துப் பேச அவனுக்கு உரிமை உண்டு.

கொலை முயற்சி, அதாவது 109 சேர்ந்துவிட்டால் கணக்கே மாறிவிடும், ஏழு வருஷக் காப்பு போய்விடும். அப்போது பாளையில் செஷன்ஸ் கோர்ட்டிலோ மதுரையிலோ முன்ஜாமீன் போட வேண்டும். காயம் எவ்வளவு ஆழம், எந்த இடம், எலும்பு முறிவு உண்டா என்பதுதான் அங்கே பேச்சாக இருக்கும். எதிர்த்தரப்பு பட்டியல் சாதியாக இருந்து, சாதி பெயரைச் சொல்லித் திட்டியதாகப் புகாரில் இருந்தால் வன்கொடுமைச் சட்டம் வரும், அதன் 18-வது பிரிவு முன்ஜாமீனுக்கு வழியை அடைக்கிறது. அந்த நிலைமை இருந்தால் அதை முதல் நாளே மறைக்காமல் சொல்கிற வக்கீலைப் பாருங்கள். எதுவானாலும் ஜாமீன் வாங்கித் தருகிறேன் என்று சத்தியம் பண்ணுகிறவரிடம் போகாதீர்கள். ஜாமீன் கிடைத்தால் இவ்வளவு, விடுதலை ஆனால் இவ்வளவு என்று ஃபீஸ் பேசுவதும் வக்கீல் விதிப்படி தப்பு.

விரல் உடைந்த பையனை இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடிதடி வழக்கின் அடித்தளமே ஏஆர் காப்பிதான், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல். எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதனால் அடித்தார்கள், எத்தனை மணிக்கு என்று முதல்முதலாக டாக்டரிடம் சொல்வதை அதில் எழுதிவிடுவார்கள். எதிர்த்தரப்பு ஏஆர் காப்பியில் இரண்டு பேர் கம்பால் அடித்தார்கள் என்று இருந்து, மறுநாள் எஃப்ஐஆரில் ஆறு பேர் அரிவாளோடு வந்தார்கள் என்று இருந்தால், அந்த நான்கு பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்று நாளைக்கு நான் கேட்க முடியும். எஃப்ஐஆர் மாஜிஸ்திரேட் கைக்குப் போன தேதியும் நேரமும் அதில் குறிக்கப்பட்டிருக்கும், அதையும் பார்ப்போம். காலையில் பதிவானதாகச் சொல்லும் எஃப்ஐஆர் மறுநாள் சாயந்திரம் போய்ச் சேர்ந்திருந்தால், இடையில் பெயர்கள் யோசித்துச் சேர்க்கப்பட்டதா என்ற கேள்வி வரும். உங்கள் பக்கம் உண்மையாகவே காயம் இருந்தால் அதற்குத் தனியாகப் புகார் கொடுங்கள். இரண்டு தரப்பும் புகார் கொடுத்தால் ஒரே அதிகாரி இரண்டையும் விசாரித்து, முதலில் கை ஓங்கியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது காவல்துறை நிலையாணையிலேயே இருக்கிறது. இல்லாத காயத்தை உண்டாக்கிக் கவுண்டர் கேஸ் கொடுப்பது மட்டும் வேண்டாம், அது முதலில் உங்களையே கடிக்கும்.

அந்த வீடியோவையும் யாரும் அழிக்க வேண்டாம். முன்னும் பின்னும் வெட்டாத முழு வீடியோ யார் போனில் இருக்கிறதோ அதை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். கோயில் பக்கம் கடையில் கேமரா இருந்தால், பதிவு தானாக அழிவதற்குள் எடுத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும்.

சித்தியின் கேள்விக்கு வருகிறேன். வக்காலத்து வாங்கியதும் நான் கேட்கிற முதல் கேள்வி, நடந்ததை நடந்தபடி சொல்லு என்பதுதான். அவன் என்னிடம் சொல்வதை அவன் சம்மதம் இல்லாமல் நான் வெளியே சொல்லக்கூடாது, சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அடித்தேன் என்று அவன் என்னிடம் சொன்னால், அவன் அடிக்கவே இல்லை என்று பொய்ச்சாட்சி ஒருவரைக் கூண்டில் ஏற்ற எனக்கு அனுமதி இல்லை. ஆனால் வாய் திறக்காமல் இருக்க அவனுக்கு அரசியலமைப்பிலேயே, 20(3)-ல், உரிமை இருக்கிறது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஒரு அடி அடித்தவனைக் கொலை செய்ய வந்தவனாக ஆக்காமல் பார்ப்பதும், செய்ததற்கு மேல் ஒரு நாள்கூட அவன் உள்ளே இருக்காமல் பார்ப்பதும் என் வேலை. அதில் பொய்க்கு அவசியமே இல்லை.

தச்சநல்லூர் அக்கா:

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைப் படிக்கிற பாதிப் பேருக்கு ஃபீஸ்தான் முதல் பயம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருக்கிற யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 1987-ல் வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கோர்ட் வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100-க்குப் போன் பண்ணியும் கேட்கலாம்.

என் தம்பி ஒரு திருட்டு வழக்கில் பாளை ஜெயிலில் இருந்தபோது எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் தெருவில் எல்லோரும் இலவச வக்கீல் என்றால் வாய்தா வாங்குவதற்குத்தான் ஆவார் என்றார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் அப்படி இல்லை. அந்த மாதிரி வழக்கில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை, ஆயுள், மரண தண்டனை, பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை உள்ள பெரிய குற்றங்கள் என்றால் 90 நாள். ஆனால் நாம் மனு போட்டுக் கேட்க வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அந்த வக்கீல் நாளை எண்ணிக்கொண்டே இருந்து, கெடு முடிந்த மறுநாள் காலையில் கோர்ட் திறக்கும்போது மனுவோடு நின்றார். ஜெயிலுக்குள் இருக்கிறவனுக்கு நாள் எண்ணத் தெரியும், எந்த நாள் முக்கியம் என்று தெரியாது. அதைத் தெரிந்தவர் ஒருவர் வெளியே வேண்டும்.

ஜாமீன் உத்தரவு வந்ததும் ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள், நம்பியாற்றுக்கரை தம்பி. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களுக்கு வீட்டு வரி ரசீது, ஆதார், சில கோர்ட்டில் விஏஓ சான்று எல்லாம் கேட்பார்கள். எங்களுக்கு அதற்குத்தான் அலைச்சல். இப்போதே இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். வெளியே வந்த பிறகு தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கண்டிஷன் வரும், ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லித் தனியாக மனு போடலாம், அதையும் வக்கீலிடம் நீங்களே கேளுங்கள்.

வண்ணாரப்பேட்டை வாசகன்:

எல்லோரும் அடித்தவன் பக்கமே நின்று பேசுகிறீர்கள். ஹைகிரவுண்டில் தையல் போட்டுப் படுத்திருக்கிறவருக்கும் ஒரு அம்மா இருப்பார். என் மச்சானைக் குத்தியவன் சீக்கிரமே ஜாமீனில் வந்து எங்கள் தெரு முனை டீக்கடையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். கோர்ட்டில் அவனுடைய வக்கீல் என் அத்தையைக் கேட்ட கேள்வியில் அத்தை அழுதுகொண்டே வெளியே வந்தார். நான்கு நாள் உள்ளே இருந்தால்தான் நம் ஊர்ப் பையன்களுக்குப் புத்தி வரும். கொடை வீட்டில் கம்பு எடுத்தவனுக்கு எதற்கு இவ்வளவு யோசனை?

பாளை வக்கீல்:

அண்ணாச்சி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த டீக்கடை விஷயத்தை அப்போதே எழுத்தில் கொடுத்திருந்தால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்டிருக்கலாம். சாட்சியை மிரட்டுவது போலிருந்தால் 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு கொடுக்கவும் வழி உண்டு. பாதிக்கப்பட்டவர் தரப்பில் தனி வக்கீல் வைத்து அரசு வக்கீலுக்குத் துணையாக நிற்கலாம். வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் இதையெல்லாம் இப்போதும் செய்யலாம், தனிச் செய்தியில் கேளுங்கள், சொல்கிறேன். உங்கள் அத்தையை அழ வைத்த கேள்வி வழக்குக்குத் தேவையில்லாத, அவமானப்படுத்துகிற கேள்வியாக இருந்திருந்தால் அதை நீதிபதி தடுத்திருக்க வேண்டும். அப்படிக் கேட்பதை நானும் ஏற்கவில்லை.

ஆனால் "நான்கு நாள் உள்ளே இருக்கட்டும்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. நம் ஊர் எஃப்ஐஆர்களில் "மற்றும் சிலர்" என்று ஒரு வார்த்தை இருக்கும். சம்பவ இடத்திலேயே இல்லாதவன், பழைய வரப்புத் தகராறில் பெயர் சேர்க்கப்பட்டவன், மெட்ராஸில் வேலையில் இருந்தவன் எல்லாம் அந்தச் "சிலரு"க்குள் வந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வந்தவனையும் வராதவனையும் பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டாமா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று கூட்டிக்கொண்டு போகப்பட்ட அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது உடம்பில் இருக்கிற காயத்தை மாஜிஸ்திரேட் கண்ணில் படும்படி காட்டி, மருத்துவப் பரிசோதனையில் எழுத வைக்க ஒரு வக்கீல் பக்கத்தில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், காரணத்தை அவனுக்குச் சொல்ல வேண்டும், இந்தக் காவலே தேவையில்லை என்று அங்கே வாதாடலாம். காரணம் சொல்லாத கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியில்கூட உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒருவனுக்காக எந்த வக்கீலும் ஆஜராகக்கூடாது என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அதுவும் நம் தமிழ்நாட்டிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கில்தான். நம் வ.உ.சி.யும் ஓட்டப்பிடாரத்தில் ப்ளீடராக இருந்தபோது போலீஸ் போட்ட வழக்குகளில் ஏழைகளுக்காக நின்று பெயர் வாங்கியவர்தான். 1908-ல் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் அவரே குற்றவாளிக்கூண்டில் நின்றார், இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள், அப்பீலில்தான் குறைந்தது. அந்தத் தீர்ப்பைச் சொன்னவரும் அவரைக் குற்றவாளி என்றுதான் உறுதியாக நம்பினார்.

நம்பியாற்றுக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மத்தியானமே நாங்குநேரியில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசினார், சண்டை எதுவும் இல்லை, சாயந்திரம் சித்தப்பாவை அனுப்பிவிட்டார்கள். சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். நோட்டீஸ் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், தம்பி வந்துவிட்டான், வக்கீலோடுதான் ஆஜராகப் போகிறான். சித்தி முன்னாலேயே அவரிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான், ஒரு அடி அடித்ததையும் சேர்த்து. மாமாவும் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி, அடிபட்டவர் வீட்டுக்கு எங்கள் பெரியவர்கள் போய்ப் பார்க்கலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், நலம் விசாரிக்க மட்டும் என்றாலும் இப்போது வேண்டாம், சாட்சியைக் கலைக்க வந்ததாகச் சொல்லிவிடுவார்கள், ஜாமீன் விஷயம் முடியட்டும் என்றார்.

ஒரு சந்தேகம். எஃப்ஐஆரில் நான்காவது பெயர் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், பிளஸ் டூ படிக்கிறான், 17 வயதுதான். எஃப்ஐஆரில் 19 என்று போட்டிருக்கிறார்கள். அவனுக்கும் இதே நோட்டீஸ்தானா?

பாளை வக்கீல்:

சித்தப்பா வீட்டுக்கு வந்தது சந்தோஷம் தம்பி. அந்த வக்கீல் சொன்னது சரியான யோசனை, அப்படியே கேளுங்கள்.

அந்தப் பையன் விஷயம் அவசரம், நாளைக்குத் தள்ளாதீர்கள். சம்பவம் நடந்த அன்று 18 முடியவில்லை என்றால் அவனை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக்கூடாது, அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும், ஜாமீன் விதிகளும் அவனுக்கு வேறு, தாராளமானவை. வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிக்கூடச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அது இல்லாவிட்டால் பஞ்சாயத்து, நகராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டுக்கும் நகல் எடுத்து, உங்கள் வக்கீல் மூலமாக இன்றைக்கே ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கச் சொல்லுங்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். அவனுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தால் ஹால்டிக்கெட் நகலும் சேர்த்து வையுங்கள், குழுமத்தில் கேட்கும்போது உதவும்.